விரிசலை மூடுவதற்கு முன்

கூரையிலிருந்து கையகலக் காரை பெயர்ந்து விழுந்தால் நம் வீடுகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றேதான். கொத்தனார் வருகிறார். தளர்ந்திருக்கும் பகுதியைச் சுத்தியலால் தட்டி உதிர்க்கிறார். உள்ளே துருவேறித் தெரியும் கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சிமெண்ட் பால் அடித்து, கலவை பூசி மட்டம் செய்கிறார். பட்டி பார்த்து வர்ணம் அடித்துவிட்டால் எங்கே பெயர்ந்தது என்பதே தெரியாது. இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் அதே இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மறுபடி வெடிக்கிறது. வேலை சரியில்லை, மணல் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டு இன்னொரு கொத்தனாரை அழைக்கிறோம். முதலில் வந்த கொத்தனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூசித் தரும்படிதான் அவரிடம் கேட்டோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று அதற்குத்தான் கூலி பேசினோம். ஏன் பெயர்ந்தது என்று கண்டு சொல்லும் வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை, அதற்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. கட்டடங்கள் மழையாலும் வெயிலாலும் உப்புக்காற்றாலும் கெடுகின்றன. காரணம் தெரியாமல் செய்யப்படும் பழுதுபார்ப்பாலும் அவை கெடுகின்றன; நாம் நினைப்பதைவிட அதிகமாகக் கெடுகின்றன. ஆகவே காரணம் கண்டறிவது தனிக் கூலியும் தனிப் பொறுப்பும் உள்ள தனி வேலையாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். பூச்சு வேலையில் லாபம் இல்லாத ஒருவர் அதைச் செய்ய வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி சாதாரணமாக ஏன் துருப்பிடிப்பதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதனால் நல்ல கான்கிரீட்டின் உட்புறம் பி.எச். 12.5-க்கு மேற்பட்ட கடும் காரமாக இருக்கும். அவ்வளவு காரத்தில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று படிந்து, ஈரமும் காற்றும் இருந்தாலும் துருவை அண்டவிடாமல் காக்கிறது. இந்தப் பாதுகாப்பு நிரந்தரமானதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே நுழைந்து, அந்தச் சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டே வருகிறது. மாறிய பகுதியில் பி.எச். 9-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த எல்லை கம்பியை எட்டியதும் படலம் அழிகிறது, துரு தொடங்குகிறது. துருவானது தான் தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். இழுவிசைக்கு வலுவில்லாத கான்கிரீட் அந்த நெருக்கலைத் தாங்காமல் கம்பியின் நீளவாக்கில் பிளந்து, கடைசியில் பொருக்காகக் கீழே விழுகிறது. கடலோர ஊர்களில் இன்னொரு வழியும் உண்டு. உப்புக்காற்றோடும் சரியாகக் கழுவாத மணலோடும் வரும் குளோரைடு, காரத்தன்மை குறையாத நிலையிலேயே படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 வரையறுப்பது இதனால்தான்.

கரியமில வாயு உள்ளே போகும் வேகம்தான் இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. அது காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே முன்னேறுகிறது. ஒரு கான்கிரீட்டில் 20 மில்லிமீட்டர் ஆழம் போக அதற்கு 40 ஆண்டு பிடிக்கும் என்றால், 10 மில்லிமீட்டர் போக 20 ஆண்டு பிடிக்காது. 10 ஆண்டே போதும். கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கவசத்தின் கனம் பாதியானால் கம்பியின் ஆயுள் கால் பங்காகிறது. பாதிப்பு மிகக் குறைந்த சூழலில் 20 மில்லிமீட்டரும் கடலோரச் சூழலில் 45 மில்லிமீட்டரும் கவசம் வேண்டும் என்கிறது அதே ஐ.எஸ். 456. தளம் போடும் நாளில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் எவ்வளவு எளிதாகக் காற்றில் போகும் என்று தெரியும். கம்பி கட்டி முடித்திருப்பார்கள். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் போதாத இடத்தில் உடைந்த ஜல்லியைச் செருகியிருப்பார்கள். கலவைச் சட்டியோடு ஆட்கள் கம்பியின் மேலேயே நடந்து போவார்கள். மிதிபட்ட இடத்தில் ஜல்லி நழுவ, கம்பி சென்டரிங் பலகையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கலவை கொட்டி, வைப்ரேட்டர் ஓட்டி, மட்டம் அடித்துவிட்டால் மேலிருந்து பார்க்கிற எவருக்கும் எந்தக் குறையும் தெரியாது. பலகை பிரித்ததும் கீழ்ப்பக்கம் பூசிவிடுவார்கள். கட்டடம் தன் ஆயுளில் பெரும் பங்கை அந்த ஒரு மணி நேரத்தில் இழந்திருக்கும். அந்த இழப்பு வெளியே தெரிய 15, 20 ஆண்டுகள் ஆகும்.

இப்போது கொத்தனாரின் ஒட்டுக்குத் திரும்பலாம். துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. ஒரே கம்பியில் ஒரு பகுதி நேர்மின்முனையாகிக் கரைய, பக்கத்துப் பகுதிகள் எதிர்மின்முனையாகித் தப்பிக்கின்றன. துருவேறிய இடம் தான் அழிவதன் மூலம் அக்கம்பக்கத்துக் கம்பியை ஓரளவு காத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து புதிய காரமான கலவையால் மூடினால் அங்கே துரு நின்றுவிடும். ஆனால் உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் அண்டைப் பகுதி தன் காவலை இழந்து, அடுத்த நேர்மின்முனையாக மாறிக் கரையத் தொடங்கும். ஒட்டைச் சுற்றி வளையமாகப் புது வெடிப்பு வருவது இதனால்தான். கடலோரக் கட்டடங்களில் இது மிகச் சாதாரணமாகக் காணக் கிடைக்கிறது. வேலையில் குறையிருந்தால் மட்டுமே இப்படி நடக்கும் என்றில்லை. குறையில்லாத ஒட்டும் இதைச் செய்யும். எவ்வளவு தூரத்துக்கு உப்பு ஏறியிருக்கிறது என்று அளந்து, கெட்டுப்போன கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை வெட்டியெடுக்க வேண்டும். அல்லது துத்தநாக முனைகளைக் கம்பியோடு கட்டி, அவை கரைந்து கம்பி தப்பும்படி செய்ய வேண்டும். இரண்டில் எது, எவ்வளவு அகலத்துக்கு என்பதை அளக்காமல் சொல்ல முடியாது.

அளப்பது பெரிய விஷயமும் இல்லை. புதிதாக உடைத்த கான்கிரீட் விளிம்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் மிச்சமிருக்கும் உட்பகுதி சட்டென்று செந்நீல நிறமாகும். கரியமில வாயு தின்ற வெளிப்பகுதி சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். அந்தக் கோடு கம்பிக்கு இப்பால் இருக்கிறதா, அப்பால் போய்விட்டதா என்று அளவுகோல் வைத்துப் பார்க்கலாம். சிறு சுத்தியலால் கூரை முழுவதையும் தட்டிக்கொண்டே போனால் உள்ளே பிடிப்பு விட்டுப் பிரிந்த இடம் பொக்கென்று ஒலிக்கும். அதைச் சுண்ணாம்புக்கட்டியால் வளைத்துக் குறித்தால், காரை பெயர்ந்தது ஒரு முழ அளவு, பெயரக் காத்திருப்பது அறையில் பாதி என்று தெரியவரும். செம்பு-செம்பு சல்பேட் மின்முனையை வைத்து மின்னழுத்தம் பார்க்கும் முறையும் உண்டு. அது மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டி இறங்கினால் அங்கே துரு ஓடிக்கொண்டிருப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. கருவி காட்டுவதெல்லாம் உண்மை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மேற்பரப்பில் தட்டி, சுத்தி எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்து வலிமையைக் கணிக்கும் கருவியைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். கரியமில வாயு ஏறிய கான்கிரீட்டின் தோல் முன்னைவிடக் கடினமாகிவிடுவதால், கெட்டுப்போன கான்கிரீட்டுக்கே அந்தக் கருவி கூடுதல் மதிப்பெண் கொடுத்துவிடும். எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்தவர் வேண்டும். அந்த அறிவுக்குத்தான் நாம் கூலி கொடுக்க மறுக்கிறோம்.

துரு ஒரு காரணம் மட்டுமே. விரிசல்கள் பல விதம். ஒவ்வொன்றும் தன் காரணத்தைத் தன் வடிவத்திலேயே வைத்திருக்கிறது. மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே சுவர் சேரும் இடத்தில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலின் வேலை. 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீள்கிறது. சுவர் அப்படி நீளாது, எனவே இரண்டும் பிரிகின்றன. அதைச் சிமெண்டால் எத்தனை முறை அடைத்தாலும் அடுத்த சித்திரையில் திறந்துகொள்ளும். தளத்தின் மேல் வெப்பம் தடுக்கும் ஏற்பாடு செய்யலாம், அல்லது அசைய இடம் கொடுக்கும் இளகிய பொருளால் அடைக்கலாம். சன்னல் மூலையிலிருந்து குறுக்காகப் படியேறுவதுபோல் செங்கல் இணைப்புகள் வழியே போகும் விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்லக்கூடும். கரிசல் மண்ணாக இருந்தால் அந்த விரிசல் கோடையில் அகன்று மழையில் சுருங்கும். இறங்கி முடிந்துவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்பது ஒரு நாள் பார்வையில் தெரியாது. விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதி எழுதி, மாதக்கணக்கில் கவனிக்க வேண்டும். உத்தரத்தின் அடியில் கம்பியை ஒட்டி நேர்கோடாக ஓடும் விரிசலோ துருவின் கையெழுத்து. பூச்சின் மேல் மட்டும் வலைப்பின்னலாக இருக்கும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தவை; அவற்றால் ஆபத்தில்லை. இத்தனைக்கும் நாம் வைத்திருக்கும் வைத்தியம் ஒன்றே: விரிசலைக் கொத்தி அகலப்படுத்தி, நிரப்பி, வர்ணம் அடிப்பது. இதில் ஆபத்தில்லாத கீறலுக்குப் பணம் வீணாகிறது. ஆபத்தான விரிசலுக்கு நேர்வது அதைவிட மோசம். அடுத்து வருபவர் படித்திருக்கக்கூடிய ஒரே சாட்சியத்தை அழித்துவிடுகிறோம். ஒழுகலுக்கும் இதே கதிதான். நீர் சொட்டும் இடம் நீர் புகுந்த இடமாக இருப்பது அபூர்வம். குளியலறைத் தரையில் நீர் வடியும் நஹானி ட்ராப் ஓரத்தில் இறங்கிய நீர் மின்குழாய் வழியாக ஊர்ந்து, பத்தடி தள்ளிப் படுக்கையறை விளக்கடியில் சொட்டும். சொட்டும் இடத்தில் பூசினால் அது வேறு வழி தேடிக்கொள்ளும்.

பழுதுபார்ப்பே கேடாக முடியும் என்பதற்கு ஆதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர்கள் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் இணைத்தார்கள். இரும்பைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றினார்கள். ஈயம் ஈரத்தைத் தடுத்தது, அதிர்வுக்கும் நெகிழ்ந்து கொடுத்தது. 1898-இல் தொடங்கி அடுத்த சில பத்தாண்டுகளில் நிக்கலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் அந்தக் கோயிலைப் பெரிய அளவில் சீரமைத்தார். அவரும் இரும்புப் பட்டைகளையே பயன்படுத்தினார், ஈயம் இல்லாமல். கிடைத்த கற்களை அவை முதலில் இருந்த இடம் பாராமல் பொருத்தினார், பொருந்தாதவற்றை வெட்டினார். சில பத்தாண்டுகளில் இரும்பு துருவேறிப் பருத்து, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் தாங்கிய பளிங்கை உள்ளிருந்தே பிளந்தது. நம் கூரைக் கம்பி கான்கிரீட்டைப் பிளப்பதும் இதே விதத்தில்தான். 1975-இல் அக்ரோபோலிஸ் நினைவுச் சின்னங்களுக்கான பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டு, அதன் பிறகு நடந்த வேலையில் பெரும்பகுதி பலானோஸின் பழுதுபார்ப்பைப் பழுதுபார்ப்பதாகவே இருந்தது. கல் கல்லாக இறக்கி, துருப்பிடித்த பட்டைகளை எடுத்து, டைட்டானியத்தால் இணைத்தார்கள். ஒவ்வொரு கல்லின் பழைய இடத்தையும் அளவுகளிலிருந்து கண்டுபிடித்தார்கள். பலானோஸ் அசட்டையானவர் இல்லை, கெட்டிக்காரர். பழைய பட்டைகள் ஏன் அவ்வளவு காலம் நீடித்தன என்ற கேள்விக்குப் பதில் அவர் கண் முன்னாலேயே ஈயமாக இருந்தது. அதைக் கேட்காமல் வேலையைத் தொடங்கியதுதான் பிழை. பைசா கோபுரத்திலும் 1930-களில் அடித்தளத்தில் சிமெண்ட் கரைசலைச் செலுத்தினார்கள், சாய்வு கூடியது. 1990-இல் கோபுரத்தை மூடி, மண்ணையும் நிலத்தடி நீரையும் பல ஆண்டுகள் அளந்த பிறகு, உயர்ந்திருந்த வடக்குப் பக்கத்தின் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை உருவினார்கள். சாய்வு அரை டிகிரி அளவு குறைந்தது. 2001-இல் கோபுரம் மீண்டும் திறந்தது.

நம் ஊரில் இதற்கு இணையான தவறு சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவது. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணாம்புப் பூச்சு அதை மூச்சாக வெளியே விடும், உப்பும் பூச்சிலேயே பூக்கும். சில ஆண்டுக்கொருமுறை பூச்சை மாற்றினால் போதும், செங்கல் தப்பிவிடும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை அடைத்துவிடுவதால் உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகிச் செங்கலைப் பொடிக்கிறது. ஓதம் அடைபட்ட உயரத்தைத் தாண்டி இன்னும் மேலேறுகிறது. ஓதத்தை நிறுத்தத்தான் சிமெண்ட் பூசினோம் என்பதே இதில் வேதனை.

இதற்கு மறுப்புகள் உண்டு, சில வலுவானவை. சோதனை என்பதே பணம் படைத்தவர்களுக்கு என்பார்கள். மேலே சொன்னவற்றில் சுத்தியல், பினாப்தலீன், கண்ணாடித் துண்டு எல்லாம் ஒரு மூட்டை சிமெண்டைவிடப் பெரிய செலவு வைக்காதவை. செலவாவது தெரிந்தவரின் நேரம். மூன்று ஆண்டுக்கொருமுறை வீணாகும் பூச்சுக் கூலியோடு ஒப்பிட்டால் அது சிறிது. அனுபவமுள்ள கொத்தனாரின் கண்ணே போதாதா என்றும் கேட்கலாம். பல நேரங்களில் போதும். கருவி அறிக்கைகளைவிட நான் அந்தக் கண்ணை நம்புவேன். ஆனால் பூசினால்தான் கூலி என்ற நிலையில், 'இதைப் பூச வேண்டாம், ஆறு மாதம் கவனியுங்கள்' என்று சொல்ல எந்தக் குடும்பஸ்தருக்கு முடியும்? அவர் பார்வைக்கே தனிக் கூலி கொடுத்துவிட்டால் அவர் உண்மையைச் சொல்ல வழி பிறக்கும். விழப்போகும் கூரையின் கீழே நின்று ஆராய்ச்சி செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியாது, செய்யவும் கூடாது. ஆட்களை வெளியேற்றி, இரும்பு முட்டுகள் கொடுத்துத் தாங்கிய பிறகு அளக்கலாம். முட்டுக் கொடுப்பது எதையும் மறைப்பதில்லை, பூச்சு மறைக்கிறது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட்டால் என்ன என்பது இப்போது அதிகம் கேட்கும் குரல். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு வழி செய்திருக்கிறது. தேவையான சட்டம்தான், ஒருவர் மறுத்தால் நூறு பேர் இடியும் கட்டடத்தில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய கட்டடம் ஏன் 30 ஆண்டில் கெட்டது என்று யாரும் எழுதி வைக்காவிட்டால், புதிய கட்டடத்தின் தளம் போடும் நாளிலும் கம்பி பலகையில்தான் படுத்திருக்கும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, கட்டமைப்புக் குறைக்குக் கட்டியவரைப் பொறுப்பாக்குவது வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டுகளுக்கு. வர்க்கமூலக் கணக்குப்படி நகரும் வாயு அந்த 5 ஆண்டில் பெரும்பாலும் கம்பியையே எட்டியிருக்காது. குறை பிறந்த நாளுக்கும் தெரியும் நாளுக்கும் இடையே சட்டத்தின் பார்வை முடிந்துபோகிறது. தளம் போடுவதற்கு முன் கவச அளவைப் படம் எடுத்துப் பதிவு செய்வதைத் தவிர இந்த இடைவெளியை நிரப்ப வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

என் வாதத்துக்கு எதிரான மிகக் கடுமையான சாட்சியம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து வருகிறது. சர்ஃப்சைடு நகரில் 1981-இல் கட்டிய சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் குடியிருப்பை 2018-இல் ஒரு பொறியாளர் ஆராய்ந்தார். நீச்சல் குளத்தளத்தின் நீர்த்தடுப்பு தோற்றுவிட்டது, வாட்டம் இல்லாமல் சமதளமாகப் போட்டதால் நீர் வடியவில்லை, அதன் கீழுள்ள கான்கிரீட் தளம் பெரும் சேதம் அடைகிறது என்று எழுதிக் கொடுத்தார். பழுதுபார்க்க சுமார் ஒன்றரைக் கோடி டாலர் வேண்டியிருந்தது. உரிமையாளர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். 2021 ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் தெரிந்திருந்தும் காப்பாற்ற முடியவில்லையே, பின் தெரிந்து என்ன பயன் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. என் பதில் இது: அறிந்தது வெறும் அறிக்கையாக நின்றால் பயனில்லை, அதற்குச் சட்டத்தின் பலமும் முன்கூட்டியே சேர்த்த பணமும் வேண்டும். ஃபுளோரிடா அடுத்த ஆண்டே குறிப்பிட்ட வயதில் கட்டாய ஆய்வையும், பெரிய பழுதுகளுக்கு நிதி சேர்ப்பதையும் சட்டமாக்கியது. மும்பையில் 30 ஆண்டு கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம். உடனே காலி செய்து இடிக்க வேண்டியதிலிருந்து சிறு பழுது போதும் என்பது வரை வகை பிரித்துச் சொல்ல வேண்டும். வகை பிரிப்பதன் அருமை என்னவென்றால், 'பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்' என்ற நடுத்தரமான சொல்லுக்கு அங்கே இடமில்லை.

சென்னை திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடியின் ஒரு பகுதி, 24 வீடுகள், இடிந்து தரைமட்டமானது. ஒருவரும் சாகவில்லை. விரிசல் பெரிதாவதைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள். எந்தக் கருவியும் இல்லாமல், தினமும் பார்த்த சுவரில் இன்று மாறியது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டடத்தைப் படிப்பதற்கு இதைவிட நெருக்கமான வாசகர்கள் கிடையாது. ஆனால் ஆய்வு என்று வரும்போது பெரும்பாலும் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை, அறிக்கையும் அவர்கள் கைக்கு வருவதில்லை. வந்தாலும் ஆங்கிலத்தில், மில்லிவோல்ட் கணக்கில் இருக்கும். ஒவ்வொரு குடியிருப்பின் படிக்கட்டிலும் தமிழில் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும்: எந்தச் சுவரில் எந்த விரிசல் கவனிப்பில் இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் அதன் அகலம் எவ்வளவு, எவ்வளவு ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், மாற்று இடம் எங்கே. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர், அந்தக் கட்டடத்தின் பூச்சு ஒப்பந்தத்தை எடுக்க முடியாதவராக இருக்க வேண்டும்.